கேட் பூட்டினால்தான் சிக்னல் விழும்

புரோகிராமுக்கு இனி வேண்டாத மெமரியைத் தானாகத் திரும்ப எடுப்பதுதான் குப்பை அள்ளுவது, அதாவது ஜிசி. அதற்காக த்ரெட்களை, ஒரே புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலைகளை, நிறுத்துவதில் ஓஎஸ்ஸும் (ஆபரேட்டிங் சிஸ்டம்) கைகொடுக்க வேண்டும் என்று நேற்று எழுதினேன். "ஜிசி ஓடணும்னா த்ரெட்டை நிறுத்து, முடிஞ்சது. இதுல ஓஎஸ் என்ன கிழிக்கணும்?" என்று ஒரு பெரிய மனிதர் கேட்டுவிட்டு மூன்று சிரிப்பு பொம்மையும் போட்டுப் போனார். லைக் வேறு குவிகிறது.

நிறுத்து என்றால் நின்றுவிடுமா? அதுதானே ஐயா கேள்வியே!

குப்பை அள்ளுவது பல நேரம் சில மில்லிசெகண்ட் வேலை. அதற்கு முன்னால் ஓடுகிற த்ரெட் எல்லாம் நிற்க வேண்டும். ஒன்று முரண்டு பிடித்தால் மற்றதெல்லாம் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். லினக்ஸில் ஒரு புராசஸ் தன் சொந்த த்ரெட்டை வெளியிலிருந்து நிறுத்தி, அதன் ரெஜிஸ்டரை (சிபியூ அந்த நேரம் கையில் வைத்திருக்கும் மதிப்புகளை) பார்க்க ஓஎஸ்ஸிடம் கேட்கும் முறையான வழி, அதாவது சிஸ்டம் கால், கிடையாது. சிக்னல், அதாவது ஓஎஸ் வழியாக ஒரு தட்டு, அனுப்பிக் கெஞ்ச வேண்டும். சி, சி++ புரோகிராம்களுக்குக் குப்பை அள்ளும் போம் (Boehm) கலெக்டர் அங்கே வழக்கமாக எடுத்துக்கொள்வது, கரண்ட் போய்விட்டது என்று சொல்வதற்காக வைத்திருந்த சிக்னலை. கோ மொழி 2020-ல் 1.14 பதிப்பில், சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பில்) அவசரத் தகவல் வந்திருக்கிறது என்று சொல்லும் சிக்னலை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பு, ஃபங்ஷன் கால் இல்லாத ஒரு லூப் சுற்றிக்கொண்டிருந்தால் ஜிசி காத்துக் கிடக்கும். இவ்வளவு பெரிய ஆட்களே யாரும் சீண்டாத சிக்னலைப் பொறுக்கித்தான் பிழைக்கிறார்கள். ஆனால் ஓஎஸ் எதுவும் செய்ய வேண்டாமாம்.

போன வருஷம் ஒரு மத்தியானம் பாளையங்கோட்டைப் பக்கம் குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் நிற்கிறேன். பில்லிங் சர்வர் தொங்குகிறது என்று போன். கேட் பாதி இறங்கிவிட்டது. ஒருத்தர் பின்சீட்டில் வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு, ஸ்கூட்டரைச் சாய்த்து உள்ளே நுழைகிறார். தார் கம்பியில் இடிக்கிறது. "நில்லும்வே!" என்று கேட்கீப்பர் கத்துகிறார். கேட் பூட்டினால்தான் சிக்னல் விழும். ரயில் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது, நாங்கள் நின்றதோ பன்னிரண்டு நிமிஷம்.

ராத்திரி சர்வரின் லாக் ஃபைலைத் திறந்தால் அதே கதை. த்ரெட்கள் சேஃப்பாயிண்ட்டுக்கு, அதாவது ஆபத்தில்லாமல் நிற்கக்கூடிய இடத்துக்கு, வந்து சேர 1.9 செகண்ட், ஜிசி 14 மில்லிசெகண்ட். வாழைத்தார்க்காரர் யார்? மெமரியில் மேப் செய்த ஃபைலை, அதாவது மெமரி மாதிரியே படிக்கும்படி வைத்த டிஸ்க் ஃபைலை, படித்துக்கொண்டிருந்த ஒரு த்ரெட். கேட்ட பக்கம் மெமரியில் இல்லாமல் பேஜ் ஃபால்ட் ஆகி, மெதுவான டிஸ்க்குக்காகக் கெர்னலுக்குள் (ஓஎஸ்ஸின் மையப் பகுதிக்குள்) தூங்குகிறது. ஜாவா புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம்முக்கோ அது இன்னும் ஜாவா கோடு ஓட்டுகிற த்ரெட். தூங்குவது கெர்னலுக்குத் தெரியும், எந்த இடத்தில் நின்றது என்பதும் தெரியும். தெரிந்தவன் வாயைத் திறப்பதில்லை. அதைத்தான் நேற்றும் சொன்னேன். சாதாரண ரீட் காலுக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. ரீட் ஓடுவது ஜாவாவுக்கு வெளியே, நேட்டிவ் காலாக. நேட்டிவ் காலுக்குள் இருக்கிற த்ரெட்டை ஜேவிஎம் நின்றதாகவே கணக்கில் வைக்கும்.

"விண்டோஸில் த்ரெட்டை வெளியிலிருந்து நிறுத்த சஸ்பெண்ட்த்ரெட் இருக்கே, அதுவும் ஆபத்துதானே?" ஆமாம், மற்ற த்ரெட்டுக்கும் வேண்டிய பூட்டைப் பிடித்தபடி நின்றால் வம்புதான். இல்லை என்று எங்கே சொன்னேன்? "கண்ட இடத்தில் நிறுத்தினால் பாயிண்டர் (மெமரி முகவரி) எங்கே இருக்கிறது என்று தெரியாது, அது கம்பைலர் வேலை." சரி, இது நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் கம்பைலர் தன் பங்கைச் செய்கிறது, கெர்னலும் தன் பங்கைச் செய்யட்டுமே? "ஜாவாவிலேயே நிறுத்தம் குறைந்த இசட்ஜிசி போடு." அண்ணாச்சி, இசட்ஜிசிக்கும் சேஃப்பாயிண்ட் உண்டு, அந்த த்ரெட் அங்கேயும் இப்படித்தான் தூங்கும். "ஜிசியே இல்லாத ரஸ்ட் மொழியில் எழுது." நன்றி, வணக்கம்.

இவ்வளவு கோபம் ஏன் என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். அன்றைக்கு மீட்டிங்கில் பதினோரு பேர் முன்னால் "உங்க கோட்ல மெமரி லீக் இருக்கு, முதல்ல அதைப் பாருங்க" என்றார்கள். லாக் ஃபைலில் இரண்டு எண்ணையும் மஞ்சள் அடித்து மெயிலில் இணைத்து அனுப்பினேன். "ஊர்ல உக்காந்து வேலை பாத்தா இப்படித்தான், எக்ஸ்போஷர் கம்மி" என்று ஒருத்தர் மைக்கை மூட மறந்து சொன்னதையும் கேட்டேன். பாளையங்கோட்டையில் உட்கார்ந்தால் 1.9 செகண்ட் வேறு எண்ணாகத் தெரியுமா? நேற்றைய மூன்று சிரிப்பு பொம்மையில் எனக்குக் கேட்டது அந்தக் குரல்தான்.

மெயில் போய் ஏழு மாசம் ஆகிறது. இணைப்பை யாரும் திறந்த மாதிரி தெரியவில்லை.