அண்ணன் அழித்தது குப்பையை அல்ல

மன்றத்துக் கணினியில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். பூட்டு உடைத்த பழைய கணினி விளையாட்டுகள் இருந்த ஃபோல்டரை அடியோடு அழித்துவிட்டு, "திருட்டுச் சரக்கை ஒழித்தாயிற்று" என்று அண்ணன் பதிவு போட்டுவிட்டார். அவர்மேல் மரியாதை உண்டு. ஆனாலும் சொல்கிறேன், அழிந்தது வேறெங்கும் கிடைக்காத பொருள்.

காசு கொடுத்து வாங்க வேண்டியதுதானே என்கிறீர்கள். எங்கே போய் வாங்குவது? 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த பழைய கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையிலேயே இல்லை என்று, பழைய கேம்களைப் பாதுகாக்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023இல் ஆய்வு செய்து சொன்னது. அசல் சிடி கையில் இருந்தாலும், நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் என்ற மென்பொருள் பூட்டுப் போட்டதாக இருந்தால் விண்டோஸ் 10 அதை ஏற்காது. பூட்டை உடைத்த நகல்தான் ஓடும்.

உடைத்தவன் திருடன் என்றால், 2010இல் ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்ற மேக்ஸ் பெய்ன் 2 கேமின் கோப்புக்குள், மித் என்ற கிராக் குழுவின், அதாவது பூட்டு உடைக்கும் குழுவின், முத்திரை இருந்ததே, அதற்கு என்ன சொல்வீர்கள்? திருடன் செய்த வேலை விற்பனைக்கு ஆகும், எங்கள் மன்றத்துப் பிள்ளைகளுக்கு ஆகாதா?

என் தம்பி, சிங்கப்பூர் மாமாவின் அட்டையில் ஒரு கேம் வாங்கி, அந்தக் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தான். தனியாக ஆடுகிற கேம்தான். ஆனாலும் திறக்கும்போதெல்லாம் இணையத்தில் அனுமதி கேட்கும். யாங்கூனில் மின்சாரம் வரும்போது இணையம் இல்லை, இணையம் வரும்போது மின்சாரம் இல்லை. திரையில் வட்டம் சுற்றும், பிறகு "இணைப்பு இல்லை" என்று வந்து நிற்கும். பக்கத்து வீட்டுப் பையன் கிராக் செய்த அதே கேமை மடிக்கணினியில் இருட்டிலும் ஆடிக்கொண்டிருந்தான். தம்பி ஒன்றும் பேசாமல் பாட்டரியைக் கழற்றி அம்மாவின் விளக்குக்குக் கொடுத்துவிட்டான். பூட்டு யாரைத் தடுத்தது? காசு கொடுத்தவனைத்தான்.

புது கேம் வந்த வாரமே கிராக் தேடுகிறவர்களுக்காக நான் பேசவில்லை. மியான்மரின் 2019ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை என்னிடம் நீட்டவும் வேண்டாம், எனக்கும் தெரியும். இணையம் இல்லாமல் ஓடாத 'தி க்ரூ' விளையாட்டின் சர்வரை, அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று மூடியபோது, வாங்கியவர்களிடம் என்ன மிஞ்சியது? அவர்களுக்காக நம் மன்றத்தில் ஏன் யாரும் கோபப்படவில்லை?

அந்தக் காலத்து ரங்கூன் தமிழ்ப் பத்திரிகைகளின் ஒரு பிரதிக்காக வீடு வீடாகக் கேட்டு அலைகிறவர்கள் நாம். 1960களில் பள்ளிகள் அரசுடைமையானபோது நம் பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு என்ன ஆனது என்று தாத்தாக்கள் சொல்லிச் சொல்லி அழுததைக் கேட்டவர்கள். நாமே ஒரு பொத்தானைத் தட்டி இப்படி அழிக்கலாமா? நெஞ்சு பொறுக்கவில்லை அண்ணா.

அந்த ஃபோல்டரை யாராவது பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். வட்டு நான் கொண்டு வருகிறேன். மன்றத்துக் கணினியில் இனி யாரும் எதையும் நீக்குவதற்கு முன் கூட்டத்தில் கேட்க வேண்டும்.