ஆர்எக்ஸ்-8 ஆயில் குடித்தால் இன்ஜின் போய்விட்டது என்று அர்த்தமில்லை

பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் ஆயில் குடித்தால் இன்ஜின் போச்சு, குறைவாக ஓடிய வண்டியாகப் பார்த்துக் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு. இந்தக் காரில் இருப்பது ரோட்டரி இன்ஜின், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண வடிவ ரோட்டார் சுழலும். அந்த ரோட்டார் முனையிலுள்ள சீல்கள் தேயாமலிருக்க, எரியும் அறைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் விடுகிற மாதிரிதான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆயிலே குறையாத வண்டியைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். குறைவாக ஓடியதும் பெரிய தகுதி இல்லை, ஸ்டார்ட் செய்து வாசலிலிருந்து நகர்த்திவிட்டுச் சூடேறும் முன்பே அணைக்கிற பழக்கம் இந்த இன்ஜினுக்கு ஆகவே ஆகாது, பெட்ரோல் தேங்கி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் படுத்துவிடும்.

பார்க்க வேண்டியது கம்ப்ரெஷன், அதாவது எரியும் அறையில் ரோட்டார் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்பது. நன்றாக ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, சில நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். சரி, உடனே பிடித்துக்கொண்டது என்றால், அப்புறம் ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில் ஒவ்வொரு ரோட்டாரின் மூன்று முகங்களுக்கும் தனித்தனி அளவு எடுக்க வேண்டும். சாதாரண கேஜ் மூன்றில் அதிகமானதை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும். அந்த அளவு கையில் இல்லையென்றால், இன்ஜினைப் பிரித்துக் கட்டும் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை பேசுங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பிரிட்டனில் வாங்குகிறவர்கள் பதிவுத் தேதியையும் பாருங்கள்: 2006 மார்ச் 23க்கு முன் பதிவான வண்டிக்கு ஆண்டு வரி கணிசமாகக் குறைவு.