வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே ஊசிக்கும் ஒரு நாள் குறியுங்கள்

ஏழாம் மாதம் பிறந்தால் நம் வீடுகளில் வளைகாப்புப் பேச்சு ஆரம்பித்துவிடும். கண்ணாடி வளையல் எத்தனை டஜன், கலவைச் சாதம் எத்தனை வகை, மண்டபமா மொட்டைமாடியா என்று சித்தப்பா வீட்டிலிருந்து சம்பந்தி வீடு வரை கருத்துச் சொல்வார்கள். அதே ஏழாம் மாதத்தில் போட்டுக்கொள்ள வேண்டிய ஃப்ளூ தடுப்பூசி பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

பயந்துபோய் ஊசி வேண்டாம் என்று சொன்ன கர்ப்பிணிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. இப்படி ஒரு ஊசி இருப்பதே தெரியாமல் பிள்ளை பெற்று வந்தவர்கள்தான் என்னைச் சுற்றி நிறைய. தடுப்பூசி எதிர்ப்பாளர்களை நாலு வார்த்தை திட்டிப் பதிவு போட்டால் லைக் குவியும். ஆனால் இந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கேட்டால் போட்டுவிடுகிறார்கள். கேட்காதவரைக்கும் யாரும் சொல்வதில்லை. என் கோபம் இந்த மௌனத்தின் மேல்தான்.

ஏன் சொல்வதில்லை என்று யோசித்தபோது எனக்குப் பட்ட ஒரு காரணம், நம் ஊர்ப் பேறுகால வழக்கம். ஆறு, ஏழு மாதம் வரை கணவர் ஊரில் ஒரு டாக்டர். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தபின் இன்னொரு டாக்டர். இந்தியாவின் மகப்பேறு மருத்துவர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபாக்ஸி, ஃப்ளூ ஊசியை 26 வாரத்துக்குப் பிறகு போடச் சொல்கிறது. அதாவது சரியாக அந்தப் பெண் பெட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிற சமயம். முதல் டாக்டர், போகிற ஊரில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறார். இரண்டாவது டாக்டர், இருந்த ஊரிலேயே போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்.

என் தங்கைக்கு நடந்ததும் இதுதான். ஓசூரில் பார்த்துக்கொண்டிருந்தவள் எங்கள் ஊருக்கு வந்ததும் பக்கத்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் தடிமனான ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"ஊசியெல்லாம் அங்கேயே போட்டாச்சாம்மா?"

"டிடி போட்டாச்சு மேடம்."

"சரி."

டிடி என்பது டெட்டனஸ் ஊசி. அந்த 'சரி'யோடு அந்தப் பக்கம் மூடப்பட்டுவிட்டது. அடுத்த பக்கம் சர்க்கரை ரிப்போர்ட். நான்தான் குறுக்கே புகுந்து, "ஃப்ளூ ஊசி போடலையே மேடம்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஓ, தாராளமா போடலாமே. மெடிக்கல்ல வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். ஆட்சேபம், யோசனை, தயக்கம் எதுவும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த ஊசி இல்லை, அவ்வளவுதான்.

சரி, அப்படி என்ன அவசரம், சளிக்காய்ச்சல்தானே என்று கேட்பவர்களுக்கு. ஃப்ளூ என்பது மூக்கு ஒழுகும் சாதாரணச் சளி இல்லை. இன்ஃப்ளூயன்சா வைரஸ் தனி ஜாதி. எல்லாரையும் படுக்கவைக்கும் அது, கர்ப்பிணிகளிடம் காட்டுகிற முகம் வேறு. 1918 பெருந்தொற்றின்போது அமெரிக்காவில் ஃப்ளூ வந்த 1350 கர்ப்பிணிகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி ஹாரிஸ் என்ற மருத்துவர் 1919இல் வெளியிட்டார். அவர்களில் 27 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு நிமோனியா, நிமோனியா வந்தவர்களில் பாதிப்பேர் பிழைக்கவில்லை.

அது ஆன்டிபயாடிக் இல்லாத காலம், வென்டிலேட்டர் இல்லாத காலம் என்று சொல்லலாம். நியாயம்தான். அடுத்த பெருந்தொற்று 1957இல் வந்தது. நம் ஆட்களுக்கு இது தெரியாது: அந்த வைரஸ் இந்தியாவுக்குள் நுழைந்த வாசலே சென்னைத் துறைமுகம். சிங்கப்பூரிலிருந்து மே மாதம் வந்த ரஜூலா கப்பலில் ஏறி வந்தது. தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கத்துப் பெரியவர்களிடம் ரஜூலா என்று சொல்லிப்பாருங்கள், ஆளுக்கொரு மலேயாக் கதை வைத்திருப்பார்கள். அந்த ரஜூலாதான். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்ஃப்ளூயன்சா மையம் அந்த அலையைப் பதிவுசெய்து வைத்திருக்கிறது. அடுத்த பிப்ரவரிக்குள் நாடு முழுக்கக் கணக்கில் வந்த நோயாளிகள் மட்டும் 44 லட்சத்துக்கும் மேல். கர்ப்பிணிகளுக்கு அந்த வைரஸ் என்ன செய்தது என்பதைத் தனியாகக் கணக்கெடுத்தது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். பிள்ளை பெறும் வயதில் ஃப்ளூவால் இறந்த பெண்களில் பாதிப்பேர் கர்ப்பிணிகள் என்று அங்கே தெரியவந்தது. 2009இல் பன்றிக் காய்ச்சல் என்ற பெயரில் ஃப்ளூ வந்தபோதும் மாற்றமில்லை. அமெரிக்க மக்கள்தொகையில் எந்த நேரத்திலும் சுமார் 1 சதவீதம் பேர்தான் கர்ப்பிணிகள். இறந்தவர்களிலோ அவர்கள் 5 சதவீதம். மருத்துவம் வளர்ந்த பிறகும் இந்தப் பட்டியலில் அவர்கள் முன்வரிசையிலேயே நிற்கிறார்கள்.

காரணம் உடம்பிலேயே இருக்கிறது. வயிறு பெரிதாகப் பெரிதாக உதரவிதானம் மேலே தள்ளப்படும், நுரையீரலுக்கு இடம் குறையும். அதே சமயம் இரண்டு உயிருக்கான ஆக்சிஜன் தேவை கூடும். இதயம் ஏற்கெனவே ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கும். கருவை வெளியாள் என்று தள்ளிவிடாதபடி எதிர்ப்புச் சக்தியும் தன் போக்கை மாற்றிக்கொண்டிருக்கும். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற அந்த நிலையில் நுரையீரலில் ஒரு வைரஸ் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஆரம்ப மாதங்களில் கடுமையான காய்ச்சல் அடிப்பது குழந்தையின் மூளை, முதுகுத்தண்டு வளர்ச்சிக்கும் நல்லதில்லை. குறைமாதப் பிரசவம் இன்னொரு கவலை.

இதெல்லாம் தாய்க்காக. எனக்கு இந்த ஊசியில் பிடித்ததே அடுத்த பாதிதான். ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. ஆனால் ஃப்ளூ வந்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குப் போகிற வயதும் அதுதான். தாய் போட்டுக்கொண்டால் அவள் உடம்பில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். கேட்க அழகாக இருக்கிறது, நிஜத்தில் வேலை செய்கிறதா என்று பார்த்தவர்கள் நம் பக்கத்து வங்கதேசத்தில் இருக்கிறார்கள். டாக்காவில் 340 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. பாதிப்பேருக்குக் கடைசி மூன்று மாதத்தில் ஃப்ளூ ஊசி, மீதிப்பேருக்கு வேறொரு தடுப்பூசி. பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ, ஊசி போட்ட தாய்களின் குழந்தைகளில் 6 பேருக்கு, மற்றவர்களில் 16 பேருக்கு. 63 சதவீதம் குறைவு. பணக்கார நாட்டில், ஏசி வார்டில் நடந்த ஆய்வு இல்லை; நம் ஊர் போலவே நெரிசலும் ஈரக் காற்றும் உள்ள நகரத்தில் நடந்தது. அப்புறம் தென்னாப்பிரிக்காவில் இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது தாய்க்கும் சேய்க்கும் பாதிக்குப் பாதி பாதுகாப்பு கிடைத்தது. நூற்றுக்கு நூறு இல்லை என்பது உண்மை. ஊசி போட்டும் ஃப்ளூ வரலாம். ஆனால் மருத்துவமனைப் படுக்கை வரை போகிற வாய்ப்பு குறைகிறது.

பயப்படுபவர்களின் கேள்விகளையும் தள்ளிவிடக்கூடாது. என் அத்தை கேட்ட முதல் கேள்வி, "வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஏதாச்சும் ஆகிட்டா?" நியாயமான கேள்வி. கர்ப்பிணிகளுக்குப் போடுவது செயலிழக்கச் செய்த வைரஸிலிருந்து எடுத்த பகுதிகள். அதனால் ஃப்ளூவை உண்டாக்க முடியாது. கை வலிக்கும், ஒருநாள் உடம்பு கணகணவென்று இருக்கலாம். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வகை ஒன்று உண்டு, அதில் வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் இருப்பதால் அதை மட்டும் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை.

வாட்ஸப்பில் சுற்றும் 'ஃப்ளூ ஊசியால் கருச்சிதைவு' செய்திக்கும் ஒரு மூலம் இருக்கிறது, முழுக்கப் புளுகு இல்லை. 2017இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு, அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஊசி போட்ட பெண்களிடம், ஆரம்ப மாதங்களில் அப்படி ஒரு தொடர்பு இருக்கலாமோ என்று சந்தேகம் எழுப்பியது. சந்தேகத்தை எழுப்பிய அதே ஆட்களே இன்னும் அதிகம் பேரை வைத்து மறுபடி பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது: தொடர்பு எதுவும் இல்லை. முதல் செய்தியை ஃபார்வர்ட் செய்தவர்கள் இரண்டாவதை ஃபார்வர்ட் செய்யவில்லை.

நம் சடங்குகளையும் கொஞ்சம் பேசவேண்டும். வளைகாப்பைக் கிண்டல் செய்கிற ஆள் நான் இல்லை, எனக்கும் கை நிறைய அடுக்கினார்கள், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருமுறை ஓரமாக நின்று கவனித்துப் பாருங்கள். வரிசையில் வருகிற ஒவ்வொருவரும் கன்னத்தில் சந்தனம் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, முகத்துக்கு நேரே குனிந்து ஆசி சொல்லி, கையைப் பிடித்து வளையல் போட்டுவிட்டுப் போகிறார்கள். அதில் நாலு பேருக்காவது இருமல் இருக்கும். "லேசாத் தொண்டை கட்டிக்கிச்சு, அதுக்காக வராம இருக்க முடியுமா?" என்று சொல்லிக்கொண்டே சந்தனத்தைத் தொடுவார்கள். குழந்தை பிறந்த பிறகும் பார்க்க வருகிறவர்கள் கன்னத்தோடு கன்னம் வைக்காமல் போகமாட்டார்கள். இதையெல்லாம் நிறுத்துங்கள் என்றால் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் சொல்லவில்லை. ஊசி போட்டு உடம்பில் பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். வளைகாப்புத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் ஊசி. இதுதான் என் மொத்த ஆலோசனையும். கணவர், பேறுகாலம் பார்க்கும் அம்மா ஆகியோரும் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

26 வாரம் என்பது ஃபாக்ஸியின் பேச்சு. உலக சுகாதார நிறுவனமும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலும் எந்த மாதத்திலும் போடலாம் என்கின்றன. ஊரில் காய்ச்சல் அலை அடிக்கும்போது ஏழாம் மாதம் வரட்டும் என்று நாலாம் மாதத்துக்காரர் காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, டாக்டரிடம் கேட்டு முன்னாடியே போட்டுக்கொள்ளலாம். வட இந்தியாவின் பெரும்பகுதியில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு ஏறும். சென்னை, வேலூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஏறும். பருவம் தப்பி வந்த அலைகளும் உண்டு. 2023 மார்ச்சில் புதுச்சேரியில் பள்ளிகளையே மூடினார்களே, அதுவும் ஃப்ளூதான்.

மெடிக்கலில் வாங்கும்போது கவனிக்க ஒன்றிரண்டு. டப்பாவின் மேல் எந்த ஆண்டுக்கான ஊசி என்று அச்சிட்டிருக்கும். ஃப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் புதிய கலவையை அறிவிக்கும், போன வருஷத்து ஸ்டாக்கைத் தலையில் கட்டிவிடப்போகிறார்கள். ஊசி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறைந்தால் வீண். எங்கள் கடைக்காரர் ஐஸ் கட்டியோடு சேர்த்து ஒரே கவரில் போட்டு முடிச்சுப் போடப் பார்த்தார். பழைய செய்தித்தாளை நடுவில் சுற்றித்தரச் சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தாலும் சுற்றிக்கொடுத்தார்.

விலை ஆயிரத்துச் சொச்சம். வளைகாப்பு மேடை அலங்காரத்தில் இது தெரியாது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், ஆனால் மேடை அலங்காரமே இல்லாத வீடுகள்தான் அதிகம். தேசியத் தடுப்பூசி அட்டவணையில் கர்ப்பிணிகளுக்கு டிடி இருக்கிறது, ஃப்ளூ இல்லை. கர்ப்பிணிகளுக்கு முதல் முன்னுரிமை கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2012இல். நாமே இந்த ஊசியைத் தயாரிக்கிற நாடு. அட்டவணையில் ஒரு வரி சேர்ந்துவிட்டால், ஓசூர் டாக்டர் மறந்தாலும் எங்கள் ஊர் டாக்டர் மறந்தாலும் நர்சம்மா அட்டையைப் பார்த்துக் கேட்டுவிடுவார். டிடியை யாராவது விடுகிறார்களா பாருங்கள்.

ஊசி போடாத கர்ப்பிணிக்குக் காய்ச்சலும் இருமலும் வந்துவிட்டால் தூதுவளை ரசமோ மிளகுக் கஷாயமோ வைத்துக் கொடுங்கள், ஆனால் அதையே வைத்தியமாக நினைத்து மூன்று நாள் ஓட்டாதீர்கள். அரசு வழிகாட்டுதலில் ஃப்ளூ நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறார்கள். காய்ச்சல் உள்ள கர்ப்பிணி, லேசான அறிகுறியானாலும், பி பிரிவு. டெஸ்ட் முடிவுக்குக் காத்திருக்காமல் ஓசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை ஆரம்பிக்க வேண்டியவர். முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். வீட்டில் கிடக்கிற இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள், ஐந்து மாதத்துக்கு மேல் அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்பிவிட வேண்டும்.

முதல் பிரசவத்தில் போட்டேனே, இரண்டாவதுக்கும் வேண்டுமா என்று ஒரு தோழி கேட்டாள். வேண்டும். வைரஸும் மாறியிருக்கும், போன ஊசியின் பலமும் ஒரு வருஷத்தில் இறங்கியிருக்கும், பிறக்கப்போவதும் வேறு குழந்தை.