கிரகணமும் இல்லை, சாபமும் இல்லை

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தோட்ட வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: "ஆணா பெண்ணா என்று தெரியாமல் பிள்ளை பிறப்பது கிரகணத் தோஷம், உடனே ஆபரேஷன் செய்து ஒரு பக்கமாக்காவிட்டால் பிள்ளை தங்காது." இரண்டும் பொய்.

குரோமோசோம், ஹார்மோன், உறுப்பு வளர்ச்சி ஆகியவற்றில் இயல்பாக வரும் வேறுபாடுகளால்தான் ஒரு பிள்ளை இடைப்பாலினராக, அதாவது ஆண் பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்போடு, பிறக்கிறது. கிரகணத்தன்று தாய் வெளியே போனதற்கும் காய் நறுக்கியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளை பெற்றுக் கிடக்கிறவளை லயத்துச் சனமே கூடிப் பழி சொல்வது பெரிய கொடுமை.

சரி, சத்திரசிகிச்சை? சிறுநீர் போவதில் தடை மாதிரி சிக்கல் இருந்தால் தேவைப்படும். தோற்றத்தை மாற்ற மட்டும் என்றால் அவசரமே கிடையாது. பிள்ளை வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும். தமிழ்நாட்டில் 2019இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், உயிராபத்து இல்லாதபோது சிசுக்களுக்கு இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்ய அரசு தடை போட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியின் கோளாறால் சில பிள்ளைகளுக்கு உடம்பில் உப்புக் குறையும். முதல் வாரங்களில் விடாத வாந்தி, பால் குடிக்காமல் சோர்வு என்றால் உடனே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அதற்கு மருந்து உண்டு.

சந்தேகத்தைத் தோட்டத்து மிட்வைஃபிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள், ஐ.நா. மனித உரிமை அலுவலக இணையத்தளத்திலும் விபரம் இருக்கிறது. அந்தப் பதிவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.