நாலாவது மணி நேரத்துக்கு உடை எடுங்கள்

கோடையில் வருகிற ஒரு கல்யாணத்துக்கு என்ன உடுத்துவது என்று ஒரு வாரமாக எனக்கும் என் தங்கைக்கும் பேச்சு ஓடுகிறது. நல்ல முறையாக உடுத்திப் போக வேண்டிய கல்யாணம். அவள் தேடுவது தன்னைக் கொஞ்சம் ஒல்லியாகக் காட்டுகிற உடையை. நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: முதலில் துணியைப் பார், அப்புறம் தையலைப் பார், நிறமும் மாடலும் அதற்குப் பிறகு. கோடைக் கல்யாணத்தில் எடுப்பாகத் தெரிகிறவர்கள் நாலாவது மணி நேரத்திலும் இயல்பாக நிற்க முடிகிறவர்கள்தான். கடையில் நாம் உடுத்திப் பார்ப்பதோ இரண்டு நிமிடம், அதுவும் ஏசியில், கண்ணாடி முன்னால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று வருடங்களுக்கு முன் என் நெருங்கிய தோழிக்குக் கல்யாணம். நல்ல வெயில் காலம். அடர்பச்சையில் தரை வரைக்கும் இறங்கும் ஒரு கவுன் எடுத்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை, அவ்வளவு பளபளப்பு. "சாட்டின் சில்க்" என்று சொல்லித்தான் விற்றார்கள், நானும் பட்டு என்றே நம்பினேன். இரண்டாவது மணி நேரத்தில் அது முதுகோடு ஒட்ட ஆரம்பித்தது. மூன்றாவதில் அக்குளிலிருந்து இடுப்பு நோக்கி ஒரு ஈரத் திட்டு இறங்கியது. அன்றைக்கு எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் என் இடது கை விலாவை விட்டு நகரவே இல்லை. தோழி இரண்டு கையையும் விரித்துக் கூப்பிட்டபோது நான் ஒரு நொடி தயங்கினேன். அந்தத் தயக்கம் அவள் முகத்தில் தெரிந்தது. இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால் மனசு கனக்கிறது.

வீட்டுக்கு வந்து உடையைத் திருப்பிப் போட்டு உள்தையலில் இருந்த லேபிளைப் படித்தேன். 100 சதவீதம் பாலியஸ்டர். சாட்டின் என்பது ஒரு நெசவின் பெயர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு நூல் நாலைந்து நூல்களுக்கு மேலே மிதந்து போய் ஒரு இடத்தில் மட்டும் கீழே இறங்குகிற மாதிரி நெய்வார்கள். அந்த மிதப்பில்தான் பளபளப்பு வருகிறது. பட்டு நூலிலும் அப்படி நெய்யலாம், பாலியஸ்டரிலும் நெய்யலாம். ஷிஃபான், ஜார்ஜெட், கிரேப் எல்லாமும் இப்படித்தான். பெயரை வைத்து உள்ளே என்ன நூல் என்று சொல்லிவிட முடியாது. அதனால் லேபிளைப் படியுங்கள். விற்கிறவர் என்ன சொன்னாலும் சரி, லேபிளைப் படியுங்கள்.

ஜவுளித் தொழிலில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சாதாரணக் காற்றில் வைத்த நூல், தன் உலர்ந்த எடையில் எத்தனை சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது என்பதுதான் அது. பருத்திக்குச் சுமார் 8.5, பட்டுக்கு 11, மரக்கூழிலிருந்து எடுக்கிற விஸ்கோஸ் நூலுக்கு 11 முதல் 13. பாலியஸ்டருக்கு வெறும் 0.4. அதாவது உடம்பிலிருந்து வருகிற ஈரத்தை அது கிட்டத்தட்ட வாங்கிக்கொள்வதே இல்லை. விளையாட்டு உடைகளில் பாலியஸ்டரை வியர்வை பரவிக் காய்கிற மாதிரி மெல்லிசாக, துளை துளையாகப் பின்னுகிறார்கள். அது வேறு கதை. நெருக்கி நெய்த பளபளப்பான விழா உடையில் அந்த வசதி இல்லை.

இதைச் சொன்னால் உடனே "அப்போ லினன் எடுக்கலாமா, ஆனால் கசங்குமே" என்பார்கள். கசங்கும். ஆனாலும் லினன் கசங்கினாலும் எனக்கு அழகாகத்தான் தெரிகிறது. ரொம்பவும் கச்சிதமாகப் போக வேண்டிய இடம் என்றால் லினனோடு பட்டு அல்லது விஸ்கோஸ் கலந்த துணி கிடைக்கிறது, மடிப்பு அவ்வளவு விழாது. சுத்தப் பட்டு காற்றை விடும், உடம்புக்கும் இதம். ஆனால் ஈரம் பட்ட இடம் பளிச்சென்று தெரியும். மென்பட்டு எடுக்கிறவர்கள் பூப்போட்டதோ பல நிறம் கலந்ததோ எடுத்தால் அந்தக் கவலை பாதி குறைந்துவிடும்.

சியர்சக்கர் என்றொரு துணி உண்டு. கோடுகளில் ஒன்று வழவழப்பாகவும் அடுத்தது சுருங்கிப் புடைத்தும் இருக்கும். பாரசீகத்தில் 'ஷீர் ஓ ஷக்கர்', பாலும் சர்க்கரையும் என்ற பெயரிலிருந்து வந்த சொல். நெய்யும்போதே சில நூல்களைத் தளர்வாக விடுவதால் அந்தச் சுருக்கம் விழுகிறது. புடைத்த வரிகள் துணியை உடம்பில் படியவிடாமல் தூக்கிப் பிடிக்க, நடுவில் காற்று ஓடும். இஸ்திரிகூடத் தேவைப்படாது. கோட்டு சூட்டு போடுகிற ஆண்களுக்கு இதை நான் தாராளமாகச் சொல்வேன். இது வேண்டாம் என்றால் முறுக்கேற்றிய நூலில் இடைவெளி விட்டு நெய்த மெல்லிய கம்பளித் துணி இருக்கிறது. கம்பளி என்றதும் பயப்பட வேண்டாம், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் தெரியும்.

துணியை இவ்வளவு பார்த்து வாங்கிவிட்டு லைனிங்கில் கோட்டைவிடுகிறவர்கள் ஏராளம். மேலே அருமையான லினன், உள்ளே மலிவான பாலியஸ்டர் லைனிங். தோலில் படுவது லைனிங்தானே? 'வாயில்' என்கிற மெல்லிய காட்டன் துணியோ விஸ்கோஸோ போட்டுத் தரச் சொல்லித் தையல்காரரிடம் கேளுங்கள். கோட்டு என்றால் முதுகில் பாதிக்கு மேல் லைனிங் இல்லாததாகப் பாருங்கள். புடவை கட்டுகிறவர்களுக்கு உள்பாவாடைத் துணியும் இதே கணக்குதான்.

நிறத்துக்கு வருகிறேன். வெயிலில் கறுப்பு கூடவே கூடாது என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. பாலைவனத்தில் வாழும் பெதுவின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று சில ஆய்வாளர்கள் வெயிலில் ஆளை நிறுத்தியே அளந்து பார்த்து, 1980-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதினார்கள். கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிகச் சூட்டை இழுத்தது உண்மை. ஆனால் அங்கி தொளதொளவென்று இருந்ததால் அந்த அதிகச் சூடு தோலை எட்டும் முன்பே காற்றோடு போய்விட்டது. உடம்புக்குப் போய்ச் சேர்ந்த சூடு இரண்டிலும் ஒன்றுதான். இதில் எனக்குப் பட்டது, உடை தளர்வாக இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. உடம்பைப் பிடிக்கிற கறுப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. வியர்வையை ரொம்பக் காட்டிக்கொடுப்பது இளஞ்சாம்பலும் வான நீலமும். கருநீலமும் வெள்ளையும் அவ்வளவு காட்டாது. வெள்ளைக்குப் போகும் முன் மணப்பெண் என்ன நிறம் உடுத்தப்போகிறாள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எது எடுத்தாலும் கடைக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில் முகத்தோடு வைத்துப் பாருங்கள். கடை விளக்கில் இருந்த நிறம் வெயிலில் இருக்காது.

இனி என் தங்கையின் கோடுகள். பத்து வயதில் சித்தி ஒருத்தி, "உனக்குக் குறுக்குக் கோடு வேணாம்டி, குண்டாத் தெரியும்" என்று சொன்னார். அன்றிலிருந்து அவள் குறுக்குக் கோடு போட்ட துணியைத் தொட்டதில்லை. சித்தி ஆசையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் இருபது வருடமாக அவளோடு டிரையல் ரூமுக்குள் வந்து நிற்கிறது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அந்த விதியும் அப்படியொன்றும் உறுதியானது இல்லை. குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி எழுதிவைத்தார். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் தாம்சனும் உடன் ஆய்வாளரும் உடைகளை வைத்துச் சோதித்து, குறுக்குக் கோடு ஆளைக் குண்டாகக் காட்டுவதில்லை என்று 2011-இல் வெளியிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து ஜப்பானில் நடந்த ஆய்வு, ஒல்லியாகக் காட்டும் அந்த விளைவு மெலிந்த உருவத்தில்தான் நன்றாகத் தெரிகிறது, பருத்த உருவத்தில் அவ்வளவாக இல்லை என்றது. சரி, அப்படியே இருக்கட்டும். இவ்வளவு தகராறு உள்ள ஒரு விஷயத்துக்காக ஒரு பெண் இருபது வருடம் தனக்குப் பிடித்த துணியைத் தள்ளிவைக்க வேண்டுமா?

உருவத்தை உண்மையில் மாற்றிக் காட்டுவது தோள்தான். தோள்பட்டைத் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் சரியாக உட்கார்ந்தால் மீதி உடை தானாக விழும். அரை விரல் இறங்கினாலும் ஆள் சோர்ந்து தெரிவார். இடுப்பைப் பிடிக்கலாம், இறக்கத்தைக் குறைக்கலாம், கையைச் சுருக்கலாம், நல்ல தையல்காரருக்கு அதெல்லாம் ஒரு மணி நேர வேலை. தோளைத் திருத்துவது கிட்டத்தட்ட உடையைப் பிரித்து மறுபடி தைப்பதுதான். அதனால் தோளுக்குப் பொருந்துகிற அளவை எடுங்கள், லேபிளில் எந்த எண் இருந்தாலும்.

செருப்புக்கு ஒரு வரி: வெயிலில் பாதம் வீங்கும், சாயங்காலம் போய் வாங்குங்கள். புல்தரை என்றால் ஊசிக் குதிகால் வேண்டாம், மண்ணில் இறங்கிவிடும்.

நேற்று தங்கையோடு போனேன். கிளிப்பச்சையும் வெள்ளையுமாகக் குறுக்குக் கோடு போட்ட லினன், விஸ்கோஸ் லைனிங். முதலில் கையில் எடுக்கவே மாட்டேன் என்றாள். போட்டுக்கொண்டு வந்ததும் கண்ணாடியைப் பார்க்கவிடாமல் ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். எழுந்திரு என்றேன். இரண்டு கையையும் மேலே தூக்கு என்றேன். அப்புறம், "வா, என்னைக் கட்டிப்பிடி" என்றேன். பிடித்தாள், இறுக்கமாக. துணி எங்கேயும் இழுக்கவில்லை, தோள் நகரவில்லை. அதற்குப் பிறகுதான் கண்ணாடி பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கோடுகளின் மேல் உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, "அக்கா, இதையே எடுத்துக்கிறேன்" என்றாள்.