பிக்கிலா ஷூ போட்டும் ஜெயித்தார்

மாரத்தான் சீசன் வந்தால் வாட்ஸ்அப் குழுக்களில் எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபெபே பிக்கிலாவின் படமும் வந்துவிடும். 1960 ரோம் ஒலிம்பிக், வெறுங்கால், தங்கப் பதக்கம். கூடவே ஒரு வரி: "ஷூவெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்."

படம் நிஜம்தான். கதையைத்தான் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். எத்தியோப்பியாவில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர் அவர். ரோமில் கிடைத்த ஷூ காலுக்குச் சரியாக அமையவில்லை, அதனால் ஷூ இல்லாமலே ஓடினார். 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. நாலு வருஷம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரம் முன்புதான் குடல்வால் ஆபரேஷன் நடந்திருந்தது. பூமா ஷூ போட்டுக்கொண்டு ஓடி, 2:12:11-ல் முடித்து அங்கேயும் ஜெயித்தார். முடித்த கையோடு மைதானப் புல்லில் உடற்பயிற்சி வேறு! இந்தப் படத்தை ஒருவரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. அந்த மூன்று நிமிடமும் ஷூ கொடுத்தது என்று நானும் சொல்லமாட்டேன்; ரோடு வேறு, வானிலை வேறு.

ஓட்டக்காரர்கள் கொண்டாட வேண்டிய இன்னொருவர் கிஹாச்சிரோ ஒனிட்சுகா. 1949-ல் ஜப்பானின் கோபே நகரில் ஷூ கம்பெனி ஆரம்பித்தவர். இன்றைய ஆசிக்ஸ் கம்பெனியின் ஆரம்பம் அதுதான். அந்தக் காலத்து ஜப்பானியர்கள் பெருவிரல் தனியாகப் பிரிந்த 'தாபி' ஷூவில்தான் மாரத்தான் ஓடினார்கள். 1951-ல் ஷிகேகி தனாகா பாஸ்டனில் ஜெயித்ததும் அதைப் போட்டுக்கொண்டுதான். ஆனால் யாராயிருந்தாலும் 42 கிலோமீட்டர் ஓடினால் பாதத்தில் கொப்புளம் நிச்சயம். அது மாரத்தானோடு பிறந்த வியாதி என்றே விட்டிருந்தார்கள். ஒனிட்சுகா விடவில்லை. சூடுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். காற்றாலேயே குளிரும் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பார்த்து, ஒவ்வொரு அடிக்கும் சூடான காற்று வெளியேறிப் புதுக்காற்று உள்ளே வருகிற மாதிரி ஷூவில் துளைகள் வைத்தார். பிக்கிலாவையே சம்மதிக்க வைத்து, 1961-ல் ஜப்பானில் தன் ஷூவோடு ஓட வைத்தார். அதிலும் பிக்கிலாதான் முதலிடம்.

அதே கோபேக்கு 1962-ல் வந்து, அமெரிக்காவில் விற்க ஷூ கேட்டவர் ஃபில் நைட். பின்னாளில் நைக்கி ஆனது அந்த வியாபாரம்தான். நைட்டின் கூட்டாளியும் கோச்சுமான பில் பவர்மேன், மனைவி வாஃபிள் சுடுகிற கட்டம் போட்ட அச்சில் ரப்பர் மாதிரியான யூரித்தேனை ஊற்றி, அச்சைப் பாழாக்கி, ஷூவின் அடிப்பாகமான சோலுக்குப் புது வழி கண்டார்.

2017-ல் சோலுக்குள் கார்பன் தகடும் தடித்த ஃபோமும் வைத்த ஷூ வந்தபோது பலர் "மோசடி" என்று கத்தினார்கள். 2020-ல் உலகத் தடகள அமைப்பு, ரோடு ஓட்டத்துக்குச் சோல் 40 மில்லிமீட்டர் தாண்டக் கூடாது, தகடு ஒன்றுதான் என்று விதி போட்டது. தாமதம், ஆனாலும் சரியான விதி. இல்லாவிட்டால் ஓடுகிறவனை விட்டுவிட்டு ஆய்வுக்கூடங்கள் போட்டி போடும்.

பத்து கிலோமீட்டரை ஒன்றேகால் மணியில் முடிக்கிற நமக்கு அந்தத் தகடு வேண்டாம். சாயங்காலம் கால் லேசாக வீங்கியிருக்கும்போது கடைக்குப் போங்கள். ஓடும்போது போடுகிற சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். விரல் நுனி இடிக்கிறதென்றால், எந்த பிராண்டானாலும், எவ்வளவு தள்ளுபடியானாலும் வைத்துவிட்டு வாருங்கள்.