தூங்கினால்தானே பிரஷர் இறங்கும்?

மாரடைப்பும் பக்கவாதமும் வருமா என்பதைப் பகலில் பார்க்கும் பிரஷரைவிட ராத்திரி பிரஷர்தான் நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது. பல ஆய்வுகளில் உறுதியான விஷயம் இது. தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இறங்காதவர்களுக்கு இதயம், மூளை, சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ஆபத்து அதிகம்.

யாருக்கு இறங்குவதில்லை என்று கேட்டால் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, குறட்டை என்று பட்டியல் வரும். சரிதான். அதோடு வருமானமும் படிப்பும் குறைந்தவர்களுக்கு இந்த இறக்கம் குறைவு என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. அங்கே கறுப்பின மக்களுக்கு வெள்ளையரைவிடக் குறைவாகவே இறங்குகிறது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா நூற்பாலைக்குப் போகிறார். நைட் ஷிப்ட் முடிந்து வீடு வந்து சேரும்போது காலை எட்டரை தாண்டிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பத்து மணிக்கெல்லாம் உள்ளே அனல் அடிக்கும். கண் அசரும் நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வரும், எழுந்து குடம் வைக்க வேண்டும். அடுத்த வாரம் ஷிப்ட் மாறிவிடும். பிரஷர் மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், "நல்லாத் தூங்கும்மா, டென்ஷன் ஆகாதே" என்றாராம். எங்கே போய்த் தூங்குவார்?

தூங்கிவிட்டாலும் உடம்புக்குக் காது உண்டு. லண்டன் ஹீத்ரோ உள்ளிட்ட சில ஐரோப்பிய விமான நிலையங்களை ஒட்டி வசிப்பவர்களுக்கு இரவு முழுக்கக் கருவி கட்டிப் பார்த்தார்கள். விமானம் கடந்தபோது, விழிக்காதவர்களுக்கும் அழுத்தம் ஏறியது. நம் ஊரில் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தத்துக்கு 45 டெசிபல்தான் வரம்பு. மெயின் ரோட்டை ஒட்டிய ஒற்றை அறைக்கு வாடகை குறைவு என்று போகிறவர்களுக்கு அந்த வரம்பு எந்தக் காலத்தில் கிடைத்தது?

மாத்திரையை ராத்திரி போட்டால் சரியாகிவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்துச் செய்து 2022-இல் வெளியான சோதனையில், காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், அதனால் வரும் சாவு எதிலும் பெரிய வித்தியாசமில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. அதை நான் மனதார மெச்சுகிறேன். அடுத்த படியாக, இருபத்து நாலு மணி நேரமும் கையில் கட்டிக்கொண்டு பிரஷர் பார்க்கும் கருவி வட்ட மருத்துவமனை வரைக்கும் வர வேண்டும். ஷிப்ட் ஓடும் ஆலைகளின் தொழிலாளர்கள், காவலாளிகள், ராத்திரி டூட்டி பார்க்கும் நர்ஸுகளுக்கு முதலில் கட்டிப் பார்க்க வேண்டும். பகலில் தூங்குகிறவருக்கு அந்தப் பகல் நேரத்தைத்தான் தூக்க நேரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். யாருக்கெல்லாம் இறங்கவில்லையோ, அவர்களுக்கு ஷிப்டை மாற்றித் தர நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தும் உத்தரவும் கூடவே வர வேண்டும்.